மெமோ வாங்குறது இருக்கட்டும்... நாமே ஒண்ணு கொடுக்கலாம்! கம்பெனி பார்க்கிங் தொல்லை தீர வழி

சென்னை:

"மெமோ" என்றாலே நம்மாளுங்களுக்கு வயிற்றை கலக்கும். லேட்டா வந்தா மெமோ. மெஷின்ல தப்பு நடந்தா மெமோ. சூப்பர்வைசரை எதிர்த்து பேசினா மெமோ. மேலே இருந்து கீழே வருவதுதான் மெமோ என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம்.

ஆனால் கீழே இருந்து மேலேயும் மெமோ போகலாம். "வேலை செய்யும் இடத்தில் இந்த பிரச்சினை இருக்கிறது, இப்படி செய்தால் தீரும்" என்று நிர்வாகத்துக்கு எழுதி கொடுக்கும் ஒரு பக்க காகிதத்துக்கும் மெமோ என்றுதான் பெயர்.

அப்படி எழுத வேண்டிய பிரச்சினைகளில் முதல் வரிசையில் நிற்பது பார்க்கிங். தொழிற்சாலை, ஆஸ்பத்திரி, காலேஜ், பெரிய ஜவுளிக்கடை... எங்கே போனாலும் இதே கதைதான். வண்டி நிறுத்த இடம் இல்லை. இடம் தேடி அலைந்துவிட்டு உள்ளே ஓடினால் பஞ்ச் நேரம் தாண்டி விடுகிறது.

ஏன் இந்த நெருக்கடி?

கிண்டி தொழிற்பேட்டை 1958-ல் தொடங்கியது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் வந்தது. அந்த காலத்தில் தொழிலாளி வந்தது சைக்கிளில், பஸ்சில், மின்சார ரெயிலில். சைக்கிள் ஸ்டாண்டு ஒன்று போட்டால் போதும். கார் என்பது முதலாளிக்கும் மானேஜருக்கும் மட்டும்தான்.

இன்று ஹெல்பர் வேலைக்கு வருகிற தம்பியும் தவணையில் பைக் வாங்கி விட்டார். தப்பில்லை. வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல் ஆவடி, திருநின்றவூர் பக்கம் குடி போனவருக்கு காலை 6 மணி ஷிப்டுக்கு வர பைக்கை விட்டால் வேறு வழி ஏது? ஆள் கூடிவிட்டது. வண்டி கூடிவிட்டது. காம்பவுண்டு சுவர் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது.

யாருக்கு என்ன நஷ்டம்?

இடம் கிடைக்காமல் ரோட்டில் நிறுத்தினால் போக்குவரத்து போலீசார் தூக்கி விடுவார்கள். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதப்படி, நோ பார்க்கிங்கில் முதல் முறை சிக்கினால் ரூ.500. மறுபடி சிக்கினால் ரூ.1,500. தினக்கூலிக்காரருக்கு முதல் அபராதமே ஒரு நாள் வயிற்றுப்பாடு. இரண்டாவது அபராதம் என்றால் அந்த வாரமே போச்சு.

லேட் ஆனால் சம்பள பிடித்தம். மாதத்தில் இத்தனை லேட்டுக்கு அரை நாள் கட் என்று பல இடங்களில் கணக்கு வைத்திருக்கிறார்கள். "கேட்டுக்குள்ளே 10 நிமிஷம் முன்னாடியே வந்துட்டேன் சார், வண்டி விட இடமில்லை" என்று சொன்னால் பஞ்ச் மெஷின் கேட்குமா?

நிர்வாகத்துக்கும் நஷ்டம் உண்டு. கேட்டு வாசலில் பைக் அடைத்து நின்றால் லாரி உள்ளே வர முடியாது. மெஷினுக்கு ஆள் மாறுவது தாமதமாகும். தீ விபத்து என்று வந்துவிட்டால் தீயணைப்பு வண்டி எங்கே நுழையும்? இந்த கடைசி கேள்வி ஒன்றே எந்த மானேஜரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும்.

புலம்பினால் குப்பைத்தொட்டி... கணக்கு காட்டினால் மேஜை!

பெரும்பாலான மனுக்கள் ஏன் தோற்கின்றன? "வண்டி நிறுத்த இடமே இல்லை, மிகவும் சிரமமாக உள்ளது, ஆவன செய்ய வேண்டும்" என்று நாலு வரி எழுதி 50 பேர் கையெழுத்து போட்டு கொடுப்போம். மானேஜர் படிப்பார். "பார்க்கலாம்" என்பார். அதோடு முடிந்தது.

காரணம், அதில் அவர் முடிவு எடுக்க ஒன்றும் இல்லை. எத்தனை வண்டிக்கு இடம் பற்றவில்லை? எந்த நேரத்தில்? எங்கே இடம் இருக்கிறது? எவ்வளவு செலவு? இந்த நாலுக்கும் பதில் இல்லாத காகிதம் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். நாலுக்கும் பதில் இருந்தால் அது மேஜையில் நிற்கும்.

ஆகவே பேனாவை எடுக்கும் முன் மூன்று வேலை செய்யுங்கள். ஒன்று, எண்ணுங்கள். இரண்டு, அளங்கள். மூன்று, எல்லோரிடமும் கேளுங்கள்.

முதல் வேலை: எண்ணுவது

ஒரு வாரம் எண்ணினால் போதும். நாலு பேர் ஆளுக்கொரு நேரமாக பிரித்துக் கொள்ளலாம். செக்யூரிட்டி அண்ணனிடம் சொல்லிவிட்டு செய்யுங்கள். அவர் தயவு பின்னாடியும் தேவைப்படும்.

எப்போது எண்ணுவது என்பதுதான் முக்கியம். உதாரணத்துக்கு ஒரு கற்பனை கம்பெனியை எடுத்துக் கொள்வோம். காலை ஷிப்டு 6 மணி முதல் 2 மணி வரை, பைக் 120. மதிய ஷிப்டு 2 முதல் 10 வரை, பைக் 110. இரவு ஷிப்டு 10 முதல் 6 வரை, பைக் 70. ஜெனரல் ஷிப்டு 9 முதல் 5.30 வரை, பைக் 60. ஸ்டாண்டில் 200 பைக் நிற்கலாம்.

காலை 11 மணிக்கு எண்ணினால் 180 வண்டி. இடம் மிச்சம். மதியம் 3 மணிக்கு 170 வண்டி. அப்போதும் மிச்சம். இரவு 9.50-க்கு மதிய ஷிப்டும் இரவு ஷிப்டும் சேர்ந்து 180. பிரச்சினை இல்லை.

மதியம் 1.50-க்கு எண்ணிப் பாருங்கள். காலை ஷிப்டு வண்டி இன்னும் வெளியே போகவில்லை. மதிய ஷிப்டு வண்டி வந்துவிட்டது. ஜெனரல் ஷிப்டும் உள்ளே. மொத்தம் 290. அதாவது 90 வண்டிக்கு இடம் இல்லை!

மானேஜர் 11 மணிக்கு ரவுண்டு வருகிறார். "இடம்தான் காலியா கிடக்குதே, இவங்க சும்மா கத்துறாங்க" என்று நினைக்கிறார். தொழிலாளி 1.50-க்கு வருகிறார். "இந்த கம்பெனிக்கு நம்ம மேல அக்கறையே இல்லை" என்று நினைக்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். பார்த்த நேரம்தான் வேறு. இதை எழுதி காட்டினாலே பாதி சண்டை தீர்ந்துவிடும்.

பல இடங்களில் நாள் முழுக்க இடம் பற்றாமல் போவதில்லை. ஷிப்டு மாறும் முக்கால் மணி நேரத்துக்குத்தான் பற்றாக்குறை. அந்த முக்கால் மணி நேரத்துக்காக பல கோடி செலவில் மாடி பார்க்கிங் கேட்டால் யார் கொடுப்பார்கள்?

இரண்டாவது வேலை: டேப் எடுத்து அளப்பது

ஒரு சாதாரண பைக் சுமார் 2 மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம். ஹேண்டில்பார் இடிக்காமல், ஆள் இறங்கி ஏற, ஒரு வண்டிக்கு ஒரு மீட்டர் அகலம் விட வேண்டும். நம்ம கணக்கில் சொன்னால் மூணே கால் அடி அகலம், ஆறரை அடி நீளம்.

ஒரு கார் நிறுத்த வழக்கமாக இரண்டரை மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் விடுகிறார்கள். அதே இடத்தில் 5 பைக் தாராளமாக நிற்கும். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். மெமோவில் இதற்கு நல்ல வேலை இருக்கிறது.

வண்டி நிற்கும் இடத்தை மட்டும் அளந்தால் போதாது. இரண்டு வரிசைக்கு நடுவில் வண்டியை பின்னால் இழுத்து திருப்ப 2 மீட்டராவது வழி வேண்டும். இதை மறந்து கோடு போட்டால், உள்ளே மாட்டிய பைக்கை எடுக்க பத்து பைக்கை நகர்த்த வேண்டி வரும். ரெயில் நிலைய ஸ்டாண்டில் இந்த கூத்தை பார்க்காதவர்கள் இல்லை.

இப்போது வளாகத்தை ஒரு சுற்று சுற்றுங்கள். இடம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும்.

பழைய இரும்பு, உடைந்த பேலட், காலி டிரம் குவிந்த மூலை... இது எல்லா கம்பெனியிலும் உண்டு. 60 அடிக்கு 20 அடி ஸ்கிராப் மூலையை காலி செய்தால், எதிர் எதிராக இரண்டு வரிசை, நடுவில் வழி என்று 36 பைக் நிற்கும்.

காலியாகவே கிடக்கும் கார் இடங்கள் இன்னொன்று. "விசிட்டர்" என்று பலகை மாட்டி 6 கார் இடம் விட்டிருப்பார்கள். வாரம் முழுக்க எண்ணினாலும் 2 காருக்கு மேல் வராது. மிச்சம் 4 கார் இடம் என்றால் 20 பைக்.

ஓட்டாத வண்டிகளும் உண்டு. வேலையை விட்டுப் போனவர் விட்டுச் சென்ற பைக், டயர் மண்ணோடு ஒட்டிப்போன ஸ்கூட்டர். செக்யூரிட்டியிடம் பட்டியல் கேட்டு, நோட்டீஸ் போர்டில் ஒட்டி, நாள் கொடுத்து அப்புறப்படுத்த சொல்லலாம்.

இன்னொரு விஷயம். கட்டிட அனுமதி வாங்கும்போதே பார்க்கிங் இடத்தை வரைபடத்தில் காட்ட வேண்டும். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளும் இதை சொல்கின்றன. அந்த இடம் சில வருஷத்தில் குடோனாக மாறியிருக்கலாம். "அனுமதி வரைபடத்தில் பார்க்கிங் எங்கே காட்டப்பட்டுள்ளது என்று பார்க்க வேண்டுகிறோம்" என்று ஒரு வரி எழுதினால் போதும். மிரட்டுகிற மாதிரி எழுதினால் காரியம் கெட்டுவிடும்.

கை வைக்கக்கூடாத இடங்கள்

இடம் கிடைக்கிறதே என்று எல்லாவற்றையும் கேட்கக்கூடாது. தீயணைப்பு வண்டி வரும் வழி, தண்ணீர் குழாய், தீ அணைக்கும் கருவி மாட்டியிருக்கும் சுவர், ஆபத்து நேரத்தில் எல்லோரும் கூடும் மைதானம், ஜெனரேட்டர், டிரான்ஸ்பார்மர் பக்கம், எரிபொருள், கெமிக்கல் வைக்கும் இடம்... இங்கெல்லாம் வண்டியை நிறுத்தவே கூடாது.

"லோடிங் யார்டை முக்கால் மணி நேரம் கொடுங்க, ஷிப்டு மாறினதும் காலி பண்ணிடறோம்" என்று சிலர் கேட்பார்கள். யோசித்துப் பாருங்கள். 2 மணிக்கு உள்ளே போனவர் 10 மணிக்குத்தான் வெளியே வருவார். அதுவரை அவர் பைக் யார்டிலேயே நிற்கும். 3 மணிக்கு லாரி வந்தால் யார் நகர்த்துவது? இப்படி ஓட்டை உள்ள யோசனை ஒன்று மெமோவில் இருந்தாலும், நல்ல யோசனைகளும் சேர்ந்து அடிபட்டுப் போகும்.

மூன்றாவது வேலை: எல்லோரிடமும் கேட்பது

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பார்க்கிங் என்றால் பைக் வைத்திருப்பவர் பிரச்சினை என்று நினைக்கிறோம். பஸ்சில் வருகிற அக்காவுக்கும், சைக்கிளில் வருகிற வாட்ச்மேன் தாத்தாவுக்கும் அதில் பங்கு உண்டு.

பைக் இடம் பெருக்குகிறேன் என்று சைக்கிள் ஸ்டாண்டை விழுங்கிவிடாதீர்கள். நடந்து வருகிறவர் போகும் பாதையை அடைக்காதீர்கள். மாற்றுத்திறனாளி ஊழியரின் மூன்று சக்கர வண்டிக்கு கதவுக்கு பக்கத்திலேயே இடம் வேண்டும். அதை முதல் வரியில் எழுதுங்கள். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமை சட்டம் அவர்களுக்கு தடையில்லாத வசதியை உரிமையாகவே கொடுத்திருக்கிறது.

இரவு 10 மணிக்கு வேலை முடிந்து ஸ்கூட்டி எடுக்கப் போகும் பெண்ணுக்கு ஸ்கிராப் மூலை இருட்டில் இடம் ஒதுக்கினால், அதை தீர்வு என்று சொல்ல முடியுமா? மதிய ஷிப்டு பெண்களுக்கு கேட்டுக்கு பக்கத்தில், லைட் வெளிச்சத்தில், கேமரா பார்வையில் இடம் கொடுங்கள். ஸ்கிராப் மூலை காலை ஷிப்டு ஆண்களுக்கு இருக்கட்டும்.

மிச்சம் 34 வண்டிக்கு என்ன வழி?

நம்ம கற்பனை கம்பெனிக்கு வருவோம். பற்றாக்குறை 90. ஸ்கிராப் மூலையில் 36, விசிட்டர் இடத்தில் 20. மொத்தம் 56 கிடைத்துவிட்டது. இன்னும் 34.

இதற்கு இடம் தேட வேண்டாம். நேரத்தை கொஞ்சம் நகர்த்தினால் போதும். மெஷின் ஆபரேட்டர்கள் ஒருவர் கையில் ஒருவர் மெஷினை ஒப்படைக்க வேண்டும், அவர்கள் நேரத்தை மாற்ற முடியாது. பேக்கிங், ஸ்டோர் பிரிவுகளில் அப்படி இல்லை. அந்த பிரிவில் பைக்கில் வரும் 34 பேர், விருப்பம் இருந்தால், மதியம் 2 மணிக்கு பதில் 2.30-க்கு வந்து இரவு 10.30-க்கு போகலாம். அவர்கள் வரும்போது காலை ஷிப்டு வண்டிகள் கிளம்பியிருக்கும். பற்றாக்குறை பூஜ்யம்!

பஸ்சிலும் கம்பெனி வேனிலும் வருகிறவர்கள் நேரத்தில் கை வைக்கவே கூடாது. கடைசி பஸ்சை விட்டால் அவர்கள் நடுரோட்டில் நிற்பார்கள். பைக்காரர் பிரச்சினைக்கு பைக்காரர்தான் அரை மணி நேரம் விட்டுக் கொடுக்க வேண்டும். அதுதான் நியாயம்.

மாதிரி மெமோ

மேலே சொன்ன கணக்கை வைத்து ஒரு மாதிரி இதோ. உங்கள் இடத்துக்கு தக்கபடி எண்களை மாற்றிக் கொள்ளுங்கள்.

அனுப்புநர்: தொழிலாளர்கள் சார்பில் (பெயர், பிரிவு, டோக்கன் எண்)

பெறுநர்: மனிதவள மேலாளர் அவர்கள்

நகல்: பாதுகாப்பு அதிகாரி, பராமரிப்பு பிரிவு

தேதி:

பொருள்: மதிய ஷிப்டு மாற்றத்தின்போது இருசக்கர வாகனம் நிறுத்த 90 இடம் பற்றாக்குறை – 30 நாள் சோதனைக்கு அனுமதி கோருதல்.

ஐயா,

1. நிலைமை: ஒரு வாரம் நாங்கள் எண்ணியதில், ஸ்டாண்டில் உள்ள 200 இடங்கள் மதியம் 1.30 முதல் 2.15 வரை தவிர மற்ற நேரங்களில் போதுமானதாக உள்ளன. அந்த முக்கால் மணி நேரத்தில் மட்டும் 290 வண்டிகள் வருகின்றன. எண்ணிக்கை விவரம் இணைக்கப்பட்டுள்ளது.

2. விளைவு: இடம் கிடைக்காத வண்டிகள் கேட்டு வாசலிலும் ரோட்டிலும் நிற்கின்றன. தீயணைப்பு வண்டி வரும் வழி அடைபடுகிறது. ஆபரேட்டர்கள் பஞ்ச் செய்ய தாமதமாகிறது.

3. யோசனை: (அ) பின்புற ஸ்கிராப் மூலையை காலி செய்து சமன்படுத்தினால் 36 வண்டி. (ஆ) பயன்படாத 4 விசிட்டர் கார் இடங்களில் 20 வண்டி. (இ) பேக்கிங், ஸ்டோர் பிரிவில் பைக்கில் வரும் 34 பேர் விருப்பத்தின் பேரில் மதிய ஷிப்டை 2.30-க்கு தொடங்கி 10.30-க்கு முடிப்பது. அவர்களின் ஒப்புதல் கையெழுத்து இணைக்கப்பட்டுள்ளது. வேன், பஸ்சில் வருபவர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை.

4. ஒதுக்கீடு: மாற்றுத்திறனாளிகளுக்கும், மதிய ஷிப்டு பெண்களுக்கும் கேட்டுக்கு அருகில் வெளிச்சமான இடம். சைக்கிள் ஸ்டாண்டு அப்படியே இருக்கும்.

5. செலவு: தரையை சமன்படுத்துதல், வெள்ளை கோடு, 2 லைட். விலைப்பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. கோடு போடும் வேலையை விடுமுறை நாளில் நாங்களே செய்து தர தயார்.

6. சோதனை: 30 நாள் செய்து பார்க்க அனுமதி வேண்டுகிறோம். தினமும் 1.50-க்கு ரோட்டில் நிற்கும் வண்டிகளையும், லேட் பஞ்ச் எண்ணிக்கையையும் குறித்து, முடிவில் தங்களிடம் ஒப்படைப்போம். பலன் இல்லை என்றால் பழையபடி மாற்றிக் கொள்ளலாம்.

தங்கள் முடிவை எதிர்பார்க்கிறோம். நேரில் இடத்தை காட்டவும் தயாராக உள்ளோம்.

இப்படிக்கு, (கையெழுத்து)

அவ்வளவுதான். ஒரு பக்கம் தாண்டக்கூடாது. எண்ணிக்கை, கையால் வரைந்த வரைபடம், விலைப்பட்டியல் இவற்றை பின்னால் இணையுங்கள். 1.50-க்கு செல்போனில் எடுத்த இரண்டு போட்டோ இருந்தால் இன்னும் நல்லது. ஆள் முகமோ நம்பர் பிளேட்டோ தெரியாமல் பார்த்துக் கொள்ளுங்கள். கம்பெனிக்குள் போட்டோ எடுக்க தடை இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஏன் "30 நாள்"?

நிரந்தரமாக மாற்றச் சொன்னால் எந்த அதிகாரியும் யோசிப்பார். நாளைக்கு ஏதாவது கோளாறு என்றால் அவர் தலைதான் உருளும். ஒரு மாதம் செய்து பார்ப்போம், சரிப்படலைன்னா விட்டுடலாம் என்றால் "சரி" சொல்வது சுலபம். ஒரு மாதம் ஒழுங்காக ஓடிவிட்டால் அதை நிறுத்த யாருக்கும் மனசு வராது.

யாரிடம் கொடுப்பது?

தனி ஆளாக போய் நிற்காதீர்கள். சங்கம் இருந்தால் சங்கம் மூலம் கொடுக்கலாம். 20 தொழிலாளர்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழில் நிறுவனத்தில் குறைதீர்ப்பு குழு இருக்க வேண்டும் என்று, 2025 நவம்பர் 21-ந்தேதி அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு சொல்கிறது. நிர்வாகம் தரப்பிலும் தொழிலாளர் தரப்பிலும் சம எண்ணிக்கையில் ஆட்கள் இருக்க வேண்டும். அந்த குழு ஒவ்வொருவரின் சொந்த குறையை கேட்பதற்கு. பார்க்கிங் மாதிரி பொது விஷயத்துக்கு, 100 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் அரசு உத்தரவுப்படி அமைக்கப்படும் பணிக்குழு இருக்கிறதா என்று பாருங்கள். 1947-ம் ஆண்டு தொழில் தகராறு சட்ட காலத்தில் இருந்தே வரும் ஏற்பாடு இது.

காண்டிராக்ட் ஆட்கள் எண்ணிக்கையையும் சேர்த்து எழுதுங்கள். "அவங்க நம்ம ஆளு இல்லை" என்று விட்டால் கணக்கு தப்பும். அவர்கள் பைக்கும் இதே வாசலில்தான் நிற்கிறது.

கொடுக்கும்போது நகலில் தேதியோடு கையெழுத்தோ சீலோ வாங்கிக் கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து "சார், அந்த பார்க்கிங் விஷயம்..." என்று பணிவாக ஞாபகப்படுத்துங்கள்.

திருட்டு போனால் யார் பொறுப்பு?

"வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற போர்டு இல்லாத ஸ்டாண்டே இல்லை. 2019 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கிய தீர்ப்பு கொடுத்தது. ஓட்டலுக்கு வந்தவர், காரை நிறுத்தச் சொல்லி சாவியை ஓட்டல் ஊழியரிடம் கொடுக்கிறார். கார் திருட்டு போகிறது. "உரிமையாளர் பொறுப்பில் நிறுத்தவும்" என்று எழுதியிருந்தது என்று சொல்லி ஓட்டல் தப்பிக்க முடியாது, தன்னிடம் ஒப்படைத்த வண்டியை பாதுகாப்பது ஓட்டல் பொறுப்பு என்றது கோர்ட்டு.

இதை அப்படியே கம்பெனி ஸ்டாண்டுக்கு பொருத்த முடியாது. நாம் வண்டியை பூட்டி சாவியை பாக்கெட்டில் போட்டுக் கொண்டு போகிறோம். அதனால் சண்டைக்கு போவதை விட, டோக்கன் முறை, கேமரா, வெளியே போகும்போது ஆர்.சி. புத்தகமோ டோக்கனோ காட்டுவது என்று மெமோவிலேயே கேட்டு விடுங்கள். இன்சூரன்ஸ் எடுக்கும்போது திருட்டுக்கும் சேர்த்து எடுத்திருக்கிறோமா என்று பாருங்கள். வெறும் தேர்டு பார்ட்டி எடுத்திருந்தால் திருட்டுக்கு பைசா வராது.

சுத்தமாக இடமே இல்லை என்றால்?

சில இடங்களில் எவ்வளவு அளந்தாலும் ஒரு அடி கூட தேறாது. அங்கே வண்டிக்கு இடம் தேடுவதை விட வண்டியை குறைப்பதுதான் வழி.

ஒரே ஏரியாவில் இருந்து வருகிறவர்கள் இரண்டு பேர் ஒரு பைக்கில் வரலாம். அப்படி வரும் வண்டிக்கு கேட்டு பக்கத்து இடம் என்று சொல்லிப் பாருங்கள், ஜோடி தானாக சேரும். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

கிண்டிக்கு 2016-ல் மெட்ரோ ரெயில் வந்தது. மின்சார ரெயிலும் பக்கத்திலேயே நிற்கிறது. ஸ்டேஷனில் இருந்து கேட்டு வரை ஷிப்டு நேரத்துக்கு ஒரு வேன் விட்டால் பலர் பைக்கை வீட்டில் விட்டு வருவார்கள். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரண கட்டண அரசு பஸ்களில் பெண்களுக்கு இலவச பயணம் தொடங்கியது. வேலைக்கு போகும் பெண்களுக்கு அது எவ்வளவு கைகொடுத்தது என்று வீட்டில் கேட்டால் தெரியும்.

சில கம்பெனிகள் பக்கத்து காலி மனையை வாடகைக்கு எடுத்து பார்க்கிங் விடுகின்றன. அந்த வாடகை பணத்தை வேறு மாதிரி செலவழிக்க முடியுமா? அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் இதை சட்டமாகவே போட்டது. 1992-ல் வந்த அந்த சட்டப்படி, ஊழியருக்காக பார்க்கிங் இடத்தை வாடகைக்கு எடுக்கும் பெரிய நிறுவனங்கள், "இடம் வேண்டாம்" என்று சொல்லும் ஊழியருக்கு அந்த பணத்தை கையில் கொடுக்க வேண்டும். பார்க்கிங் பற்றியே காலமெல்லாம் ஆராய்ந்த பேராசிரியர் டொனால்ட் ஷூப், இப்படி செய்த 8 நிறுவனங்களை ஆராய்ந்து 1997-ல் எழுதினார். தனி ஆளாக கார் ஓட்டி வருவது 17 சதவீதம் குறைந்திருந்தது. மற்றவர்கள் பஸ்சிலும், கூட்டாக ஒரே காரிலும் வந்தார்கள்.

நம்ம ஊரில் அப்படி சட்டம் இல்லை. கேட்பதில் தப்பில்லை. "பைக் இடம் வேண்டாம் என்பவருக்கு மாதாந்திர பஸ் பாஸ்" என்று மெமோவில் ஒரு வரி சேர்க்கலாம். வாடகை மனையை விட பாஸ் மலிவு என்று கணக்கு காட்டினால் மானேஜர் மறுக்க மாட்டார்.

ஆஸ்பத்திரி, காலேஜ், கடை ஊழியர்களுக்கு...

ஆஸ்பத்திரியில் முதல் வரி ஆம்புலன்ஸ் வழிதான். ஊழியர் வண்டி பின்பக்கம், நோயாளியோடு வருகிறவர் வண்டி முன்பக்கம் என்று பிரித்து கேளுங்கள். பார்வையாளர் நேரமும் நர்சு டியூட்டி மாறும் நேரமும் ஒன்றாக வந்தால் அங்கேதான் நெரிசல்.

காலேஜ் வளாகத்தில் சைக்கிள், உள் பஸ் இரண்டையும் யோசியுங்கள். சென்னை ஐ.ஐ.டி. வளாகம் சுமார் 600 ஏக்கர். மான்கள் திரியும் அந்த காட்டுக்குள் மாணவர்கள் சைக்கிளிலும் வளாக பஸ்சிலும்தான் சுற்றுகிறார்கள்.

கடை ஊழியர்கள் நிலைமை மோசம். வாசல் இடம் வாடிக்கையாளருக்கு. தி.நகர் மாதிரி இடங்களில் மாநகராட்சியின் அடுக்குமாடி பார்க்கிங் இருக்கிறது. ஊழியர்களுக்கு மொத்தமாக மாத பாஸ் எடுத்து தர முடியுமா என்று முதலாளியிடம் கேட்கலாம்.

சுருக்கமாக...

* ஷிப்டு மாறும் நேரத்தில் ஒரு வாரம் எண்ணுங்கள்.
* டேப் வைத்து அளங்கள். ஒரு கார் இடத்தில் 5 பைக்.
* தீயணைப்பு வழியை தொடாதீர்கள்.
* பஸ்சில், சைக்கிளில், நடந்து வருகிறவர்களையும் கேளுங்கள்.
* பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வெளிச்சமான, பக்கத்து இடம்.
* ஒரு பக்கம். ஒரு கோரிக்கை. 30 நாள் சோதனை.
* நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

மறுத்துவிட்டால்? எதற்காக மறுக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக் கொள்ளுங்கள். செலவு என்றால் செலவை குறைத்து, பாதுகாப்பு என்றால் வரைபடத்தை மாற்றி, மறுபடியும் கொடுங்கள். எண்ணிக்கை நோட்டு உங்கள் கையில்தானே இருக்கிறது!